செம்மண் வனாந்தரத்துக்கு வீட்டை இழுத்துக்கொண்டு...

எங்கள் பகுதியிலிருந்து அவுஸ்திரேலியா சென்று குடியேறியவர்கள் இப்போது கொஞ்சமல்ல. பிள்ளைகளைப் பார்க்கவென்று மூன்று மாத வீசாவில் போய்வருகின்ற பெற்றோரும் பலர். சிட்னித் துறைமுகத்தைப் பார்ப்பார்கள், மெல்பேர்னில் ட்ராம் வண்டியில் ஏறி இறங்குவார்கள், பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வார்கள், நாட்கள் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அந்த நாட்டின் கரையோரம்தான் அவர்கள் கண்டது. உள்நாடு என்பது வேறு. செம்மண்ணும் உப்பு ஏரிகளும் முட்பற்றைகளுமாக நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஆளில்லாமல் கிடக்கின்ற நிலம் அது.

நானும் மனைவியும் அந்த நிலத்தினூடாகப் போய் வந்தோம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், மகளோடும் மருமகனோடும், ஒரு கரவனைக் காரின் பின்னால் கொளுவிக்கொண்டு அடிலெய்டிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போனோம். ஒரு பக்கத்துக்கே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஊர் திரும்பிய பிறகு நண்பர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்த வருத்தக்காரப் பொம்புளையை வைத்துக்கொண்டு எப்படிப் போனீர்கள்?"

என் மனைவிக்கு இருபது வருடங்களாக நீரிழிவு. பன்னிரண்டு வருடங்களாக இன்சுலின் ஏற்றுகிறாள். இந்தப் பயணப் பேச்சு எழுந்தபோது மகள்தான் முதலில் தயங்கினாள்.

"உம்மாக்கு ஏலுமா வாப்பா? அங்க ஆஸ்பத்திரி எங்கயோ, கடை எங்கயோ. உம்மா வீட்டுல நிக்கட்டும், நான் அவவோட நிக்கிறன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

மனைவி அதைக் கேட்டுக்கொண்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு வருத்தம் வந்த நாள்ல இருந்து எல்லாரும் என்ன வீட்டுல நிக்கட்டும் எண்டுதான் சொல்றீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருமகன் அவளை டொக்டரிடம் கூட்டிப் போனார். போகலாம், ஆனால் மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள், சீனியின் அளவை வழமையைவிட அடிக்கடி பாருங்கள் என்றார் அந்த டொக்டர்.

எனவே இந்தக் கட்டுரை முதலில் வயது போனவர்களுக்கும் மருந்தோடு நடமாடுகிறவர்களுக்கும். அவர்களுக்குப் பொருந்துவது மற்றவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கணக்கு அங்கே தலைகீழ். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி அங்கு கோடை. தென் அவுஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா என்ற சிற்றூரில் 1960 ஜனவரி 2ஆம் திகதி 50.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த மாதங்களில் உள்நாட்டுப் பக்கம் தலைவைக்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். பகலில் இதமான வெயில், இரவில் கடுங்குளிர். அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய உடுப்போடு போனால் இரவில் பல் கிட்டிக்கொள்ளும். எங்களுக்கு மருமகனின் லீவு ஒக்டோபரில்தான் கிடைத்தது. அது எல்லைக்கோட்டு மாதம். சில நாட்கள் இதமாக இருக்கும், சில நாட்கள் கொதிக்கும்.

மழையையும் மறந்துவிடக் கூடாது. வரண்ட பூமியில் மழை பெய்தால் தண்ணீர் போவதற்கு வழியில்லாமல் வீதியில் நிற்கும். 2022 ஜனவரியில் பெய்த பெருமழையில் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை நாட்கணக்காக மூடப்பட்டது. ரயில் பாதையும் அரித்துச் செல்லப்பட்டது. கூபர் பீடி என்ற ஊருக்கு உணவுப் பொருட்களை விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆகவே புறப்படும் முன்னரும், ஒவ்வொரு காலையிலும், வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மூடிய வீதியில் நுழைந்தால் தண்டப்பணமும் உண்டு.

இனி வண்டி. கரவன் என்பது சில்லு வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, பிரிஜ், தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதற்குள் இருக்கும். இழுத்துச் செல்கிற காருக்கு அந்தப் பாரத்தை இழுக்கும் அனுமதி இருக்கிறதா என்பதை ஏட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் பாரத்தை அடுக்கும் முறை. பாரமான சாமான்கள் கீழேயும் அச்சுக்கு நேராகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கரவனின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொளுவியில் அழுந்த வேண்டும் என்பது அங்குள்ளோரின் பொதுக் கணக்கு. பின்பக்கம் பாரம் கூடினால், வேகம் போகும்போது கரவன் பாம்பு நெளிவதுபோல ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் கார் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கரவனுக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கைக் கையால் மெல்லப் பிடிக்க வேண்டும்.

இதை மருமகன் விளக்கியபோது எனக்கு ஒட்டகக்காரர்களின் ஞாபகம் வந்தது. இந்தப் பாதைகளில் முதலில் பாரம் ஏற்றிச் சென்றவர்கள் அவர்கள்தான். 1860இல் பேர்க், வில்ஸ் ஆகியோரின் பயணக் குழுவுக்காகக் கராச்சியிலிருந்து ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுகிறவர்களும் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ஆப்கானிஸ்தான் என்று பல இடத்து மனிதர்களை அந்த நாட்டார் ஒரே சொல்லில் 'ஆப்கான்' என்றார்கள். 1872இல் முடிந்த தந்திக் கம்பிப் பாதைக்கும், ரயில் பாதைக்கும், கம்பளி ஏற்றுவதற்கும் அவர்களின் ஒட்டகங்களே உழைத்தன. ஒட்டகத்தின் இரு பக்கமும் பாரம் சமமாக இல்லையென்றால் முதுகு புண்ணாகி, நடுவழியில் அது படுத்துவிடும். இன்று கரவன்காரர்களுக்குச் சொல்லப்படும் முதற்பாடமும் அதுதான்.

தண்ணீர்க் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் என்று வைத்து, அதற்கு மேல் இரண்டு மூன்று நாளுக்கான உபரியும் கொண்டுபோக வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரே தாங்கியில் வைக்கக் கூடாது. கல் பட்டுத் தாங்கி உடைந்தால் கதை முடிந்தது. நாங்கள் கரவனின் தாங்கியை நிரப்பியதோடு, இருபது லீற்றர் கலன்கள் நான்கைக் காரிலும் வைத்திருந்தோம். வுழூச் செய்வதற்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் போதும் என்பதை அந்தப் பயணம் எங்களுக்குப் பழக்கிவிட்டது.

எரிபொருளும் அப்படியே. கரவனை இழுக்கும் கார் வழமையைவிட ஒன்றரை மடங்கு குடிக்கும். எதிர்க்காற்று வீசினால் அதற்கும் மேல். போர்ட் ஒகஸ்டாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 285 கிலோமீற்றரில் கிளென்டாம்போ. அங்கிருந்து கூபர் பீடி வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இடையில் எரிபொருள் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை. பாதித் தாங்கி இருக்கிறதே என்று கிளென்டாம்போவைத் தாண்டக் கூடாது. எரிபொருள் இருக்கும் இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்வதே நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வழிக்கடைகளில் ஹலால் இறைச்சி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அடிலெய்டிலேயே வாங்கிச் சமைத்து, பொதிபொதியாக உறைய வைத்துக் கொண்டு போனோம். அரிசி, பருப்பு, ரின் மீன், மாசி, மிளகாய்த்தூள் இருந்தால் எந்த வனாந்தரத்திலும் வயிறு நிறையும். கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்குப் பக்கமாக வரும். ஒரு திசைகாட்டி கையில் இருந்தால் நல்லது. தொலைபேசிச் சமிக்ஞை ஊர்களையும் வழிக்கடைகளையும் அண்டித்தான் கிடைக்கும்.

அதனால்தான் அங்கே பலர் செய்மதித் தொலைபேசியோ, அவசர சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியோ கொண்டு போகிறார்கள். நாங்கள் அந்தக் கருவியைத்தான் கொண்டு போனோம். சுற்றுவட்டத்தில் உள்ள லொறிக்காரர்களோடும் கரவன்காரர்களோடும் பேச வானொலிக் கருவியும் காரில் இருந்தது. நெடுஞ்சாலை லொறிக்காரர்கள் 40ஆம் அலைவரிசையில் பேசிக்கொள்வார்கள்.

இந்த லொறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ரோட் ட்ரெயின்' என்பார்கள். ஓர் இயந்திரம் மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும். நீளம் 53.5 மீற்றர் வரை. எதிரே வந்து கடக்கும்போது காற்று நம் வண்டியை முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். முந்துவதென்றால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் வெறும் பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது நம்மை முந்த வந்தால், நம் பாதையில் நேராகப் போய்க்கொண்டு வேகத்தைச் சற்றுத் தளர்த்தி வழிவிட வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் விடியுமுன்னரும் ஓடவே கூடாது. கங்காருவும் மாடும் அந்த நேரத்தில்தான் வீதிக்கு வரும். மிருகம் குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கலாம்; ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் கரவன் குடைசாயும்.

எங்கள் பயணத்தில் சோதனை வந்தது கிளென்டாம்போவைத் தாண்டி நூறு கிலோமீற்றர் அளவில். நேரம் பகல் பன்னிரண்டரை. காரின் வெப்பமானி 38 பாகை காட்டியது. கரவனின் இடப்பக்க டயர் வெடித்தது. மருமகன் சொன்னபடியே செய்து வண்டியை ஓரத்துக்குக் கொண்டு வந்தார். ஜக்கை வைத்தால் அது மணலில் புதைந்தது. மகள் கரவனிலிருந்து பழச்சாறு எடுக்கப் போனவள் உள்ளிருந்து சத்தமிட்டாள். பிரிஜ் சூடாகக் கிடந்தது. எப்போது நின்றதென்று தெரியாது. மருமகன் கம்பிகளையெல்லாம் பார்த்தார். அது உயிர் பெறவில்லை. உள்ளே இருந்த கட்டுப்பாட்டுத் தட்டு எரிந்திருந்ததாகப் பின்னர் அலிஸ் ஸ்பிரிங்ஸில் திருத்துநர் சொன்னார்.

அந்தப் பிரிஜ்ஜுக்குள் இன்சுலினில் பாதி இருந்தது. மற்றப் பாதி காருக்குள், குளிர்ப் பையில். எஞ்சின் நின்றதும் காரும் சூளையாகிக்கொண்டிருந்தது.

இன்சுலினைப் பற்றி நீரிழிவுக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கியதைச் சாதாரண அறைவெப்பத்தில் நான்கு வாரமளவு வைத்திருக்கலாம். உறைந்துபோனால் பயனில்லை; ஆகவே ஐஸ் கட்டியோடு நேரடியாக முட்ட வைக்கக் கூடாது. கடும் சூட்டில் கிடந்தால் அது நஞ்சாவதில்லை, வலு இழந்துவிடும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாமலும் இருக்கலாம். ஏற்றிக்கொண்டிருப்போம், சீனி ஏறிக்கொண்டிருக்கும். அதுதான் ஆபத்து. சீனி அளக்கும் கருவியும் அதன் பட்டிகளும்கூடச் சூட்டில் பிழையான கணக்குக் காட்டும்.

நாங்கள் மூவரும் பதறிக்கொண்டு நின்றபோது பதறாமல் இருந்தவள் என் மனைவி ஒருத்திதான். "இஞ்ச பாருங்க, அந்தத் தண்ணிக் கலனத் தாங்க" என்றாள். இரண்டு பாதி இன்சுலினையும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கினாள். பழைய பருத்திச் சீலைத் துண்டொன்றை நனைத்து, அதைச் சுற்றிக் கட்டி, கரவனின் நிழல் பக்கத்தில் காற்றுப் படும்படி தொங்கவிட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா தயிர்ச் சட்டியைக் கோடையில் அப்படித்தான் ஈரச் சாக்கால் சுற்றி வைப்பாராம்.

முக்கால் மணித்தியாலத்தில் தெற்கு நோக்கி வந்த ஒரு கரவன் எங்களுக்காக நின்றது. எழுபது வயது கடந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ஓய்வு பெற்ற பின் வருடத்தில் பாதியை வீதியிலேயே கழிக்கின்ற இவர்களைப் போன்றவர்களை அங்கே 'நரைத்த நாடோடிகள்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். அந்த மனிதர் ஒரு தடித்த பலகையைக் கொண்டுவந்து ஜக்கின் கீழ் வைத்தார். அதன் பிறகு சில்லு லேசாகக் கழன்றது. பலகையை எங்களிடமே விட்டுப் போனார். இந்தப் பயணத்துக்குப் போகிறவர்கள் உதிரிச் சில்லு இரண்டோடு அப்படி ஒரு பலகையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய மனைவி தொங்கிய சீலைத் துண்டைப் பார்த்துவிட்டு நெருங்கி வந்து தொட்டார். தன் பாட்டி வெண்ணெய்யை இப்படித்தான் காத்தார் என்றார். 1890களில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கச் சுரங்கப் பகுதியில் உருவான முறை அது. கம்பிக் கூட்டின்மேல் சாக்கைப் போர்த்தி, மேலே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அது சாக்கில் ஊறி இறங்கும்படி செய்வார்கள். காற்றுப் பட்டு ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி கூடும். நம் கரையோரப் புழுக்கத்தில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். அங்கே முழுமையாகப் பலித்தது. டப்பாவைத் திறந்து பார்த்தபோது, குளத்து நீரில் கை வைத்ததுபோல் இருந்தது. மொழி அதிகம் தெரியாத இரண்டு கிழவிகளும் அந்த டப்பாவை மாறிமாறித் தொட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மாலைக்குள் கூபர் பீடி போய்ச் சேர்ந்தோம். 1915இல் ஓபல் கல் கண்டெடுக்கப்பட்ட ஊர். வெப்பத்துக்குப் பயந்து மக்களில் பலர் குன்றைக் குடைந்து நிலத்தடியில் குடியிருக்கிறார்கள். அங்கே வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 23, 24 பாகைதான். அன்றிரவு கரவனை விட்டுவிட்டு ஒரு நிலத்தடி அறையில் தங்கினோம். மின்சாரமில்லாமலே அந்த அறை இன்சுலினுக்குப் பாதுகாப்பான அலுமாரியாகவும் இருந்தது. மறுநாள் சிறிய பிரிஜ் ஒன்றை வாங்கிக் காரில் பொருத்திக்கொண்டோம். மனைவியின் சீனி மூன்று நாட்களும் வழமையான அளவிலேயே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மகளின் முகத்தில் இரத்தம் ஓடியது. அந்த ஊரில் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். படமெடுக்கவென்று பின்னால் அடி வைக்கக் கூடாது.

உலுருவுக்கும் போனோம். எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பி ஏறத்தாழ 250 கிலோமீற்றர். 1985இல் அந்த நிலம் அதன் பூர்வீகச் சொந்தக்காரர்களான அனங்கு மக்களிடம் சட்டப்படி திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்குப் புனிதமான அந்தப் பாறையில் ஏறுவது 2019 ஒக்டோபர் 26 முதல் தடை. சுற்றி நடக்கலாம். சில இடங்களில் படமெடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். அதை மதிக்க வேண்டும். மனைவி அடிவாரத்தில் இரண்டு கிலோமீற்றர் நடந்தாள். கையில் பேரீச்சம்பழப் பொதி, இடுப்பில் தண்ணீர்ப் போத்தல்.

திரும்பும் வழியில் கரவனைப் போர்ட் ஒகஸ்டாவில் நிறுத்திவிட்டுக் காரில் மரீ வரை போனோம். ஒட்டகக்காரர்களின் பெரிய குடியிருப்பு அங்குதான் இருந்தது. ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரரும் பழங்குடி மக்களும். அவர்கள் நட்ட பேரீச்ச மரங்கள் இன்னும் நிற்கின்றன. மண்ணாலும் மரத்தாலும் கட்டிய அவர்களின் சின்னஞ்சிறு பள்ளியின் மாதிரியை அங்கே மீளக் கட்டி வைத்திருக்கிறார்கள். மோட்டார் லொறிகள் வந்த பிறகு ஒட்டகங்களுக்கு வேலையில்லாமல் போனது. 1925இல் தென் அவுஸ்திரேலியாவில் ஒட்டகங்களை அழிப்பதற்குச் சட்டமே வந்தது. வளர்த்தவர்களில் பலர் கொல்ல மனமில்லாமல் வனாந்தரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். இன்று அங்கே காட்டொட்டகங்களாகத் திரிபவை அவற்றின் வம்சம். அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் ரயிலுக்கு இன்றும் 'கான்' என்றுதான் பெயர். அந்த மனிதர்களின் ஞாபகம் அது.

இன்னும் இரண்டு விடயம் சொல்லி முடிக்கிறேன். வண்டி பழுதாகி நின்றால் எக்காரணம் கொண்டும் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டிதான் இலகுவில் தெரியும். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும். அடுத்தது, ஒவ்வொரு நாளும் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் சேருவோம் என்பதை ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நாங்கள் அடிலெய்டில் மருமகனின் சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தோம். குறித்த நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் கழித்தும் அழைப்பு வராவிட்டால் அவர் பொலிசுக்கு அறிவிப்பார் என்பது ஏற்பாடு. கூபர் பீடியில் வண்டி நின்றதும், சாமான் இறக்கும் முன்னரே, அவருக்குத்தான் முதலில் அழைத்தோம். அவர் இரண்டு மணித்தியாலமாகத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாராம். ஆகவே, போய்ச் சேர்ந்ததும் சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல மறந்துவிடாதீர்கள்.